மூங்கில் சருகில் முளைத்தது

"டீச்சர், இது புழுவான்னு பாருங்க. என் வூட்டுக்காரரு செருப்புல தெனமும் ஒட்டிக்கினு வருது."

மணிமொழி நீட்டிய ஈரமான மூங்கில் சருகை, பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தாவரவியல் பேராசிரியை சந்திரா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். சருகின்மேல் வெள்ளை நூல் போல ஒன்று நிமிர்ந்து நின்றது. அதன் நுனி மட்டும் கதாயுதம் போலத் தடித்திருந்தது.

"புழு இல்ல மணிமொழி, காளான். மக்கின இலையில மட்டும்தான் முளைக்கும்."

"இங்க எங்கங்க முளைக்குது?"

"நான் பார்த்தது ஒரே இடத்துலதான். வடக்குத்து ஊர் இடுகாட்டு மூங்கில் புதருக்குள்ள. அங்க பாம்பு அதிகம். போக வேணாம்னு அவர்கிட்ட சொல்லுங்க."

மணிமொழியின் முகம் வெளுத்தது. பிறகு கண்கள் நிறைய, மெல்லச் சிரித்தாள்.

"அவரு நைட் ஷிஃப்ட் முடியுற நேரத்துக்குக் கதவு தொறக்குற சத்தம் கேக்கும். எழுந்து பார்த்தா ஆள் இருக்க மாட்டாரு. எனக்குத்தான் பித்து புடிச்சிடுச்சோன்னு பயந்துகினு இருந்தேங்க. அப்ப நெசமாவே அவருதான் வர்றாரு!"

சந்திராவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க வீட்டுக்கு அவர் வராம வேற யார் வருவா?"

"போன தை மாசம் அவர அந்த மூங்கிலுக்குக் கீழதாங்க பொதைச்சோம்."