அசையாம நில்லுங்க

செந்தூர்பாண்டிக்குக் கோபம் வந்தால் வெற்றிலைக் கட்டை ஓங்கித் தரையில் போடுவார். அன்றைக்குக் காலையில் இரண்டு கட்டு விழுந்துவிட்டது.

"அந்த ஆளு ஒரு பித்தலாட்டக்காரன்க்கா. இன்னைக்கு நாலு பேரு முன்னால வச்சுக் கேக்காம விடமாட்டேன்."

எதிரே கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாள் யாரை என்று கேட்கவில்லை. நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஆளு என்றால் போட்டோக்காரர் காசிலிங்கம். தூத்துக்குடியில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணம், காதுகுத்துக்குப் போய்ப் படம் எடுப்பது அவருக்குப் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் கேமராப் பெட்டியும் ஸ்டாண்டுமாகத் தெருத்தெருவாகத் திரிவார். தோணியில் மூட்டை ஏற்றுகிறவர்கள், சங்கு குளித்துவிட்டு வந்து தலை துவட்டுகிறவர்கள், கஞ்சி குடிக்கிற உப்பளத்துப் பெண்கள், முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறவர் என்று ஒருத்தரையும் விடமாட்டார். முப்பது வருஷமாக இதே பைத்தியம். காசு கேட்கமாட்டார். படத்தைக் கழுவி வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

உலகச் சண்டை வந்து கப்பல் வரத்து குறைந்ததும், படம் பதிகிற கண்ணாடி பிளேட்டும் வராமல் போனது. காசிலிங்கம் படுத்துவிட்டார். கஞ்சித்தண்ணிகூட இறங்கவில்லை, ஆள் தேறமாட்டார் என்றே பேசிக்கொண்டார்கள். திடீரென்று ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்கு வந்து நின்றார். எங்கிருந்தோ பிளேட் கிடைத்துவிட்டது போல என்று ஊரே சந்தோஷப்பட்டது.

செந்தூர்பாண்டி ஆத்தூரிலிருந்து வந்து வெற்றிலைக்கடை போட்டது அதற்கெல்லாம் பிறகு. கடை போட்ட வாரத்திலேயே காசிலிங்கம் வந்து அவரை வாசலில் நிறுத்தி, கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, "அசையாம நில்லுங்க" என்றார். செந்தூர்பாண்டி மூச்சுகூட விடவில்லை. அவருடைய ஐயா கொழும்பில் ஆயுசு முழுக்க அடுத்தவன் கடையில் பொட்டலம் மடித்தவர். மகன் சொந்தக் கடை வாசலில் நிற்கிறதை அவர் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் அந்தப் படம்.

அரை வருஷம் ஓடிவிட்டது. கேட்கும்போதெல்லாம் காசிலிங்கம், கழுவுகிற மருந்து வரட்டும் என்பார். மற்றவர்களுக்கும் அதே பதில்தான். ஆனால் செந்தூர்பாண்டியைத் தவிர ஒருத்தரும் கேட்கிறதே இல்லை. என்ன ஊர் இது என்று அவருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இன்றைக்குக் காலையில் காசிலிங்கம் பெட்டியை வெற்றிலைக்கடையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். செந்தூர்பாண்டிக்குக் கை சும்மா இருக்கவில்லை. பிளேட் வைக்கிற சட்டத்தைத் திறந்து பார்த்தார். காலி. பைக்குள் இருந்த மற்ற சட்டங்களையும் திறந்தார். எல்லாமே காலி.

"ஒண்ணுல கூட பிளேட் இல்லக்கா. வெறும் பெட்டியைக் காட்டி ஊரை ஏமாத்திட்டுத் திரியுதாரு. எங்க ஐயா அங்கன ஆத்தூர்ல படுக்கையில நாளை எண்ணிக்கிட்டுக் கெடக்காரு."

அந்தோணியம்மாள் தன் புருஷன் மரியானைப் பற்றிப் பேசினாள். தோணியில் கொழும்புக்குப் போனவர் திரும்பவே இல்லையாம். வீட்டில் அவர் முகம் இருப்பது ஒரே ஒரு படத்தில்தானாம். பாய்மரத்துக் கயிற்றை முறுக்கிக்கொண்டு, யாரையோ பார்த்துச் சிரிக்கிற படம். கேட்காமலே காசிலிங்கம் எடுத்தது.

"அது அப்போ. இப்போ பண்ணுதது மோசடிதானக்கா?" என்றார் செந்தூர்பாண்டி.

அதற்குள் காசிலிங்கம் டீயைக் குடித்துவிட்டு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். நடுவீதியில் ஸ்டாண்டை விரித்தார். அவ்வளவுதான், மூட்டையோடு போன மாடக்கண்ணு நின்று, எப்படித் திரும்ப வேண்டும் என்று கேட்டார். கருப்பட்டி விற்கிற பெண் கொண்டையைச் சரிசெய்தாள். சைக்கிளில் போனவர் இறங்கி மீசையைத் தடவிக்கொண்டார்.

செந்தூர்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை ஜனமும் ஏமாந்து நிற்கிறதே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். வாயைத் திறப்பதற்குள் அந்தோணியம்மாள் எழுந்து வந்து அவர் கையை இறுகப் பிடித்தாள். விரலெல்லாம் கருவாட்டு வாடை.

"சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. பெட்டியில ஒண்ணும் இல்லன்னு இங்கன எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும்கிறது அவருக்குத்தான் தெரியாது. இந்தப் பெட்டியைத் தூக்குனதுக்கு அப்புறந்தான் மனுசன் கஞ்சி குடிக்காரு."

சொல்லிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் மாடக்கண்ணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

கருப்புத் துணிக்குள்ளிருந்து காசிலிங்கம் தலையை வெளியே எடுத்தார். வேர்த்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வெத்திலைக்கடைத் தம்பி, நீங்களும் வந்து நில்லுங்க. வெளிச்சம் நல்லா இருக்கு."

 செந்தூர்பாண்டி கடைக்குள் போய், ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டி, பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு அந்தோணியம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஐயாவுக்குக் காட்டுத படத்துக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. சண்டை முடிஞ்ச பெறவு நிதானமாக் கழுவித் தாங்க."