கடலில் விழுந்தவர்

கடலில் விழுந்தவரை எவ்வளவு சீக்கிரம் தூக்குகிறார்கள் என்று சோதிக்க, படகுப் பயிற்சி நிலையத்துக்கு வந்திருந்த அதிகாரி மாசிலாமணி, கையில் ஸ்டாப்வாட்சோடு விசைப்படகில் நின்றிருந்தார். பயிற்சியாளர் குளோரி ஆளுயரப் பொம்மையைக் கடலில் தள்ளினாள். எட்டிப் பார்த்த மாசிலாமணி, படகு திரும்பிய வேகத்தில் தானும் கடலுக்குள் போய்விட்டார். லைஃப் ஜாக்கெட் அவரை மிதக்கவிட்டது. மூக்கெல்லாம் உப்பு எரிந்தது.

“ஆளு விழுந்தாச்சு!” என்று குளோரி கத்தினாள். விழுந்தவரைக் கண்ணிலிருந்து விடக்கூடாது என்பது விதி; படகில் ஒருவன் விரலை நீட்டியபடியே நின்றான். அந்த விரல் தன்னைக் காட்டுகிறதா, பொம்மையையா என்று மாசிலாமணிக்குப் பிடிபடவில்லை. படகு அழகாக வட்டமடித்து, எஞ்சினை அணைத்து, பொம்மையருகே வந்து நின்றது. குறை சொல்ல வழியில்லை. பொம்மையைத் தூக்கிக் கிடத்திக் கம்பளி போர்த்தினார்கள்.

மாசிலாமணி கத்திக் கூப்பிட வாயெடுத்தார். ஆனால் சோதனை முடியும்வரை அதிகாரி குறுக்கிடக்கூடாது என்பதும் விதிதானே?

குளோரி பொம்மையின் கன்னத்தைத் தட்டினாள். “அண்ணாச்சி, கேக்குதா? ஒங்க பேரு என்ன?”

கேட்டால் பதில் சொல்வதில் என்ன தப்பு?

“மாசிலாமணி” என்றார், தண்ணீரிலிருந்து.

குளோரியின் முகம் தெளிந்தது. பொம்மையின் கம்பளியை இன்னும் இழுத்துவிட்டு, “நெனவு நல்லாருக்கு, கரைக்கு விடுங்க” என்றாள்.

படகு கிளம்பியது. மாசிலாமணி ஸ்டாப்வாட்சை நிறுத்திப் பார்த்தார். விதித்த நேரத்துக்கு முன்னதாகவே அவர் காப்பாற்றப்பட்டிருந்தார்.