ஓரின் வாங்கிய கார்

ஓரின் ஜப்பான் கார் வாங்கிவிட்டார் என்ற செய்தி, அவர் அதை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மிச்சிகனில், கார் தொழிற்சாலையை நம்பிப் பிழைத்த ஊர் அது. கட்டிய மனைவியை விட்டுவிட்டு ஓடியவனைக்கூட அங்கே மன்னித்திருக்கிறார்கள். இதை மன்னிக்கத் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் மன்றத்தில் அவசரக் கூட்டம். வாராவாரம் போல அன்றும் எல்லோருக்கும் மீன் பொரித்துக் கொடுத்தவர் ஓரின்தான். விசாரணை என்றதும் ஏப்ரனோடு வந்து நின்றார்.

மன்றத் தலைவர் டெல்பர்ட் மைக்கைப் பிடித்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் ஒரே லைன்ல என் பக்கத்துல நின்னு வேலை பார்த்தவன் நீ. நம்ம காருக்கு என்னய்யா குறைச்சல்?"

"குறைன்னு நான் சொல்லலையே."

"பின்னே?"

"இது அடிக்கடி ரிப்பேர் ஆகாதுன்னாங்க. எனக்கும் எழுபது ஆயிடுச்சு. பனியில ரோட்டோரம் நின்னு பானட்டைத் திறந்து பார்க்க இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது."

"அது என்னவோ நிஜம்தான்" என்று யாரோ முணுமுணுத்தார். டெல்பர்ட் முறைத்ததும் தட்டிலிருந்த உருளைக்கிழங்கில் மும்முரமானார்.

"ரிப்பேரா? வெளியே நிக்குதே என் வண்டி! இந்தக் கையால நானே ஸ்டியரிங் போல்ட் முடுக்கின வண்டி. பதினெட்டு வருஷம், ரெண்டு லட்சம் மைல். ஒரு தடவை மக்கர் பண்ணியிருக்குமா? அமெரிக்கக் கைடா இது!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"டெல்பர்ட், உன் காது மிஷின் எந்த ஊர்ச் சரக்கு?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அது ஜப்... அது உடம்பு சமாச்சாரம்! அதை இதுல இழுக்காதே!"

தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஓரின் இனி மன்றத்து வாசலை மிதிக்கக் கூடாது. சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்.

நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. சில கைகளில் ஓரின் பொரித்த மீன் இருந்தது. எண்ணிக்கையைக் குறித்துக்கொண்ட செயலாளர் நார்மா, கொஞ்சம் தயங்கி, தானும் கை தூக்கினாள்.

"ஏதாவது சொல்றியா?" என்றார் டெல்பர்ட்.

ஓரின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஏப்ரனைக் கழற்றி, மடித்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டாவது ஈடு எண்ணெயில கிடக்கு. கருகிடப் போகுது, யாராவது பார்த்துக்குங்க."

போய்விட்டார்.

நார்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"ஏன் ஓரின், இத்தனை பேச்சு கேட்டுட்டு ஒரு பதில்கூடச் சொல்லாம வந்துட்டீங்க? நம்ம வண்டியைச் செஞ்ச உங்களுக்கே அது மேல நம்பிக்கை இல்லேன்னா எப்படி? எனக்கும் கோபம்தான். அதான் கை தூக்கினேன்."

ஓரின் மன்றத்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"டெல்பர்ட் பொண்டாட்டி மேவிஸ் ஆறு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாளே, ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரியில விடிய விடிய அவ பக்கத்துல உட்கார்ந்திருந்துட்டு, அப்படியே வேலைக்கு வந்துடுவான். நின்னுக்கிட்டே தூங்குவான், பாவம். மூணு வண்டிக்கு ஒரு வண்டி போல்ட் லூசா வரும். அவனுக்கு அடுத்து நின்னது நான். முடுக்கினது சரியா இருக்கான்னு பார்க்குற செக்கர்."

"மேலே எழுதிக் கொடுக்கலையா?"

"கொடுத்தா வேலை போகும். வேலை போனா இன்சூரன்ஸ் போகும். அப்புறம் மேவிஸ் கதி? அதான் ஸ்பானரை எடுத்து நானே முடுக்கி விட்டுடுவேன். மேவிஸ் போய்ச் சேர்ந்தா. ஆனா இவனை விட்டு அந்தத் தூக்கம் போகல. பழகிடுச்சு. மொத்தம் பத்து வருஷம் முடுக்கியிருக்கேன், அவன் வண்டியையும் சேர்த்து."

நார்மா மன்றத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதை உள்ளே சொல்லியிருந்தா ஒரு கை எழுந்திருக்குமா?"

"எதுக்கு? ஏதோ ஒரு பெருமையில மனுஷன் உயிரைப் பிடிச்சிட்டு இருக்கான். இருந்துட்டுப் போகட்டும்."

"சரி, அப்போ நம்ம வண்டியையே வாங்கியிருக்கலாமே?"

"என் பென்ஷனுக்குப் பழைய வண்டிதான் கட்டுப்படியாகும். இதுவும் பழசுதான். நான் ரிட்டயர் ஆனதும் செக்கர் வேலையே வேண்டாம்னு எடுத்துட்டாங்க. இவன் அதுக்கப்புறமும் நாலு வருஷம் தனியா போல்ட் முடுக்கினான். இப்போ நம்ம ஊர்ல விலைக்கு வர்றதெல்லாம் அந்த நாலு வருஷத்து வண்டிங்கதான்."

"ஜப்பான்ல மட்டும் தூங்குற ஆளு இருக்க மாட்டானா?"

"இருப்பான்" என்று ஓரின் கார் கதவைத் திறந்தார். "ஆனா அவன் யாருன்னு எனக்குத் தெரியாதே! அந்த தைரியத்துலதான் வாங்கினேன்."