எத்தனை வருஷம் போதும்?

"தூக்குல போட்டிருக்கணும் சார்! அப்பவே போட்டிருந்தா இன்னைக்கு நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டியதே இல்ல."

வீட்டுக்காரர் மேசையைக் குத்திய குத்தில் தேநீர் தட்டில் தளும்பியது. தன் அலைச்சலுக்காக ஒருவர் இவ்வளவு உருகுவதைப் பார்த்துச் சிறைத்துறை அதிகாரிக்கே கூச்சமாகப் போய்விட்டது.

மேசைக்கு நேர் மேலே, கூடத்துச் சுவரில், சட்டம் போட்ட ஒரு படம். நீலச் சட்டை போட்ட இளைஞன், வாய் கொள்ளாத சிரிப்பு. மேலே பூ, கீழே ஒரு சின்ன மின்விளக்கு. பூவை இன்று காலையில்தான் மாற்றியிருக்க வேண்டும், வாடவே இல்லை.

அதிகாரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளக்கை அணையவே விடறதில்ல சார்," என்றார் வீட்டுக்காரரின் மனைவி அவசரமாக. "நாலு பேர் வர்ற வீடு. பார்ப்பாங்க இல்ல?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஆயுள் கைதி ஒருவனை வெளியே விடுவதற்கு முன்னால் செத்தவன் வீட்டில் ஒரு வார்த்தை, கொன்றவன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வர வேண்டும் என்பது விதி. காலையில் ஒரு வீடு முடிந்தது. இது இரண்டாவது வீடு.

"பதினாலு வருஷம் முடிஞ்சிருச்சு. உள்ள ஒரு சண்டை சச்சரவு கிடையாது, தச்சு வேலை கத்துக்கிட்டிருக்காரு. சம்பவம் நடந்தப்ப வயசு இருபத்திரண்டு. வாய்த் தகராறுல கோபம் வந்து, ஒரே அடி..."

"ஒரு அடியோ ஒம்பது அடியோ, போன உயிர் திரும்பி வருமா?" என்றார் வீட்டுக்காரர்.

"வராதுதான். அப்ப எத்தனை வருஷம் போதும்னு நினைக்கறீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. ஏலம் ஆரம்பித்துவிட்டது.

"இருபது," என்றார் வீட்டுக்காரர். "முப்பது," என்றார் அவருடைய அக்கா, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்த மனைவி, "சாகற வரைக்கும் இருக்கட்டும் சார்," என்று ஏலத்தை முடித்துவைத்தார்.

மனைவிக்கு ரொம்ப இளகிய மனசு. கரப்பான்பூச்சியைக் கண்டால்கூடத் தன் கையால் அடிக்க மாட்டார், கணவரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வார். நீதிபதி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை, மூன்று பேரும் ஒரு பிஸ்கட் ஊறுகிற நேரத்தில் தீர்த்துவிட்டார்கள்.

"வெளிய விட்டா அவன் நேரா எங்க வருவான்? இங்கதான் வருவான்!" அக்காவின் குரல் நடுங்கியது. "வாசல்ல வந்து நின்னா நாங்க என்ன பண்றது? இப்பத்தான் இவன் பொண்ணுக்கு ஒரு நல்ல இடம் கூடி வருது."

அந்த நடுக்கத்தில் மட்டும் துளியும் நடிப்பில்லை. அந்தம்மாள் நிஜமாகவே பயந்து போயிருந்தார்.

"காலையில பார்த்த வீட்ல ஒரு அம்மா மட்டுந்தான் இருந்தாங்க," என்றார் அதிகாரி. "'போதும், விட்டுடுங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. ஜெயில்லேருந்து அவர் எழுதின லெட்டரையெல்லாம் ஒரு பெட்டியில அடுக்கி வச்சிருக்காங்க. ஒழுங்கா சாப்பிடறானான்னு என்கிட்ட கேட்டாங்க."

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க!" வீட்டுக்காரர் சீறினார். "எங்களுக்குந்தான் மாசாமாசம் எழுதினான். ஒண்ணைக்கூடப் பிரிக்கல, அப்படியே அடுப்புல போட்டோம். பதினாலு வருஷமா நாங்க பட்டது எங்களுக்குத்தான் தெரியும். நல்லா அழுத்தி எழுதுங்க சார், ஈவு இரக்கமே காட்டக் கூடாதுன்னு."

அதிகாரி அழுத்தியே எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மனைவி தன் பெயருக்குக் கீழே ஒரு கோடுகூட இழுத்தார்.

"இன்னும் ரெண்டு கட்டம் பாக்கி இருக்கு. கைதிக்கு நீங்க என்ன உறவு?"

இவ்வளவு நேரம் அடித்துப் பிடித்துக்கொண்டு கூவிய மூன்று வாய்களும் சட்டென்று ஒட்டிக்கொண்டன.

"அண்ணன்," என்றார் வீட்டுக்காரர், தேநீர்க் கோப்பையைப் பார்த்து.

அதிகாரி அதையும் எழுதிவிட்டுச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல படம். எங்க ஃபைல்ல இருக்கற படத்துல உங்க தம்பி இப்படிச் சிரிக்கல."

"சம்பந்தி வீட்ல, அவன் எப்பவோ செத்துப் போயிட்டான்னு சொல்லி வச்சிருக்கோம் சார்," என்றார் மனைவி. "சாயங்காலம் பொண்ணுக்குப் பூ வைக்க வர்றாங்க. இந்த நேரத்துல உயிரோட வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

கடைசிக் கட்டத்தின் மேல் அதிகாரியின் பேனா நின்றது. விடுதலைக்குப் பின் கைதி தங்கும் முகவரி.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "தங்க இடம் இல்லேன்னா விடமாட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா சார்?"

"நிஜம்தான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். படத்தில் இருந்த அதே சிரிப்பு. குடும்ப ஜாடை எங்கே போகும்?

அதிகாரி பையிலிருந்து காலையில் எழுதிய தாளை எடுத்தார். அதைப் பார்த்து அந்தக் கட்டத்தை நிதானமாக நிரப்பி, பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

"உங்க தம்பி கொன்னாரே, அந்தப் பையனோட அம்மா தன் வீட்டுக்கே அனுப்பச் சொல்லிட்டாங்க."