கிளட்ச் தட்டில் கசிந்த எண்ணெய்

வாரண்டி முடியாத புது லாரியிலிருந்து கழற்றிய கிளட்ச் தட்டு, குழல்விளக்கின் வெளிச்சத்தில் மேசைமேல் கிடக்கிறது. "பெடல்லயே காலை வச்சு ஓட்டியிருக்கீங்க, அண்ணே. தேஞ்சிடுச்சு. இதுக்கு வாரண்டி வராது" என்கிறார் சர்வீஸ் மேனேஜர். லாரிக்காரர் தட்டைத் தடவி விரலை நீட்டுகிறார். "தேஞ்ச தட்டு காஞ்சு கருகியிருக்கும், தம்பி. இது எண்ணெயில ஊறியிருக்கு. என்ஜின் சீல் கசிஞ்சுதான் வழுக்குது. என் கால்லயா எண்ணெய் சுரக்குது?" மேனேஜர் பெருமூச்சு விடுகிறார். "சரி, கம்பெனிக்கு போட்டோ அனுப்பிக் கேட்போம்." படமெடுக்கும் முன் எந்தப் பாகத்தையும் பளபளப்பாக்குவது இந்தப் பட்டறையின் வழக்கம். "ஐயோ, இருப்பா!" என்று லாரிக்காரர் கத்துவதற்குள், மெக்கானிக் மண்ணெண்ணெய்த் துணியால் தட்டை அழுத்தித் துடைத்துவிடுகிறார். கேமரா மின்னுகிறது. எண்ணெய் இப்போது லாரிக்காரரின் விரலில் மட்டும்தான் இருக்கிறது. மேனேஜர் மரியாதையாக ஒரு காகிதத் துண்டை நீட்டுகிறார். "கையைத் துடைச்சுக்குங்க, அண்ணே."