பாதி வேண்டுதல்

"நடு நாற்காலியில் ஐயா. வலப்பக்கம் வீட்டுக்காரர். இடப்பக்கம் எழுத்தராகிய நான். திரைக்குப் பின்னால் வீட்டுப் பெண்கள் இருவர். வாசலோரம் ஸ்டூலில், சபையிலிருந்து விலக்கப்பட்ட மூத்த மகள்." எழுத்தர் வாசித்து நிறுத்தினார். "சரியா இருக்குங்களா ஐயா?"

சபைத் தலைவர் தலையசைத்தார். "தேதியைப் போடு. இன்னைக்கே தலைமைச் சபைக்குப் போயாகணும்."

மூத்தவள் கூடத்தின் குறுக்கே தொங்கிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பு கோணல். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற கை அவளுக்கு; நேராக்க வேண்டும்போல் குறுகுறுத்தது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் இந்த வீட்டுப் படியேறுகிறாள்.

திரைக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி. அதில் இரண்டு ஜோடிக் கால்கள். இடது குதிகாலில் நீள வெடிப்பு இருந்த ஜோடி அம்மாவுடையது. இன்னொன்று தங்கையுடையதாக இருக்கும். இரண்டு பேர் காலிலும் செருப்பு. செருப்போடு கூடத்துக்குள் வந்தால் வீட்டையே இரண்டாக்குவாள் அம்மா. வயசாகிவிட்டது, தரை குளிர்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டாள்.

"இங்க பாரும்மா," என்றார் தலைவர். "உன் தங்கச்சிக்கு நல்ல இடம் அமைஞ்சிருக்கு. அக்கா விலக்கப்பட்டவன்னு அவங்க யோசிக்கிறாங்க. ஒரே ஒரு கையெழுத்து. நாளையிலேருந்து நீயும் திரைக்கு அந்தப் பக்கம், உங்கம்மா பக்கத்துல உட்காரலாம்."

அம்மா பக்கத்தில். வாடகை அறையில் சுவரோடு ஒட்டிப் படுத்து, அதை அம்மாவின் முதுகென்று நினைத்துக்கொண்ட ராத்திரிகள் எத்தனையோ.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கட்டுமா?"

"கையெழுத்துக்கு அப்புறம். விலக்கினவங்களுக்காக வாயைத் திறந்தா, திறந்தவங்களுக்கும் விலக்குதான். மறந்துட்டியா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "சபையில என் மானத்தை வாங்கினாளே, அதை முதல்ல கேளுங்க."

"அன்னைக்குக் கேட்ட கேள்வியை அப்படியே எழுதணுங்க ஐயா," என்றார் எழுத்தர். "அதான் வழக்கம். நான் அப்ப வேலைக்குச் சேரல."

தலைவர் முகம் சுளித்தார். அந்தச் சபையில் பெண்கள் நேராகக் கடவுளிடம் எதுவும் கேட்கக் கூடாது. அவர்களுடைய வேண்டுதலை வீட்டு ஆண்தான், இரவில் படுத்தபிறகு, கண்மூடிச் சொல்ல வேண்டும்.

"அன்னைக்கு நான் போதிச்சுக்கிட்டிருக்கேன்," என்றார் தலைவர். "திரைக்குப் பின்னாலேருந்து ஒரு குரல். 'சொல்லவேண்டியவர் பாதியிலயே குறட்டை விட்டுட்டார்னா, எங்க மீதி வேண்டுதல் எங்க போகும்?'னு கேக்குது. யாருன்னு அதட்டினேன். இவளே திரையை விலக்கிட்டு வந்து, நான்தான்னு நின்னா."

எழுத்தருக்குத் திடீரென்று இருமல் வந்தது. குனிந்து எழுதினார்.

"இப்ப யார் மூலமா வேண்டிக்கிற?" என்றார் தலைவர், குத்தலாக.

"நேராத்தான் ஐயா. பதில் ஒண்ணும் வந்ததில்ல. கேக்கறதுக்கு அங்க ஆள் இருக்கான்னே சில நாள் சந்தேகம். ஆனா நடுவுல யாரும் குறட்டை விடறதில்ல."

"பாருங்க, திமிர் கொஞ்சமாவது குறைஞ்சிருக்கா!" என்றார் அப்பா.

எழுத்தர் அவள் கையெழுத்துப் போடவேண்டிய கடிதத்தை வாசித்தார்: "நான் கேட்ட கேள்வி பொய். என் தந்தை ஒருநாளும் வேண்டுதலின் நடுவே உறங்கியதில்லை. மன்னித்துச் சேர்த்துக்கொள்ளவும்."

மூத்தவள் பேனாவை வாங்கினாள். பொய் என்ற சொல்லை மறுபடி படித்தாள். ஆனால் திரைக்கு அடியில் அந்தக் குதிகால் தெரிந்தது. கொஞ்சம் முன்னால் நகர்ந்ததுபோலவும் இருந்தது. பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

"அது பொய்யில்ல."

தலைவர் மூத்தவளை நோக்கி விரலை நீட்டினார். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? அதே குரல், அதே..."

விரல் அந்தரத்தில் நின்றது. ஸ்டூலில் இருந்தவளின் உதடு அசையவே இல்லை.

திரை விலகியது. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் சின்னவளின் கை. அம்மா வெளியே வந்தாள்.

"உள்ள போ!" என்று எழுந்தார் அப்பா.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. "அறைக் கதவைச் சாத்திட்டுப் படுத்த அப்புறம் இவர் குறட்டை விட்டது இவளுக்கு எப்படிங்க ஐயா தெரியும்? பக்கத்துல படுத்திருந்தது நான்தானே! அன்னைக்கு இந்தச் சின்னவ இடுப்புக் குழந்தை. என்னை விலக்கியிருந்தா இதை யார் பாத்துக்கறது? அதான் நீங்க யாருன்னு அதட்டினப்ப, கேட்ட நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவ முந்திக்கிட்டா. இப்ப சின்னவளும் எங்ககூட நடப்பா."

மூத்தவளிடம் வந்தாள். "தள்ளி உட்காருடி," என்று பாதி ஸ்டூலில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.



"ஐயா," என்று இழுத்தார் எழுத்தர். "உட்கார்ந்த இடமெல்லாம் மாறுதுங்களே?"

"மூணு பேருக்கும் விலக்குன்னு எழுதித் தொலை! ஒட்டி அனுப்பு!" என்று கத்தினார் தலைவர்.

எழுத்தர் முதல் தாளை எடுத்து, 'வீட்டுப் பெண்கள் இருவர்' என்பதைக் கோடு போட்டு அடித்தார். 'திரைக்குப் பின்னால்: ஒருவருமில்லை' என்று திருத்தி, உறையை ஒட்டி, தபால்பெட்டிக்குக் கிளம்பினார். அதே தெருவில் அவருக்கு முன்னால் மூன்று ஜோடிச் செருப்புகள் போய்க்கொண்டிருந்தன.