தோளில் ஒரு பை

"விழுந்துட்டான் பாரு, மறுபடியும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அப்பாதுரை.

விழுந்தது டி.வி. திரையில் மரப்பாலம் கடந்துகொண்டிருந்த பொம்மை மனிதன். அவனை நடத்தியது எதிரே பலகை மேல் நின்ற அவர் மகன் டெனிஸ். நூற்று முப்பது கிலோ உடம்பு. இவன் சாய்ந்தால் பொம்மையும் சாயும். ரொம்பச் சாய்ந்தால் ஆற்றில் விழும். தாம்பரத்தின் அந்த பிசியோதெரபி சென்டரில் மற்றவர்கள் இந்த வீடியோ கேமைச் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள். டெனிஸுக்கு அது தண்டனையாக இருந்தது.

"போதும்ப்பா, கால் கடுக்குது. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"அடுத்த மாசமா? ஏறுடா!"

பொழிச்சலூரிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்திருந்த அரிசிப் பையை எடுத்து மகனின் தோளில் வைத்தார். பெரியவர் பிடிவாதம் பிடித்தால் யாரும் அசைக்க முடியாது.

தெரபிஸ்ட் சினேகா ஓடி வந்தாள். "அங்கிள், வெயிட் எல்லாம் இப்ப வேணாம். அண்ணா முதல்ல சும்மா நிக்கப் பழகட்டும்."

"சும்மா நின்னு என்னம்மா பண்றது? தோள்ல பாரத்தோட இவன் விழாம நடக்கணும். போன வருஷம் சர்ச்ல, 'நீ தூக்காத, கவுத்துடுவ'ன்னு எல்லார் முன்னாடியும் தள்ளி நிக்க வச்சுட்டாங்க. அன்னிலேருந்து புள்ள யார் முகத்தையும் நிமிர்ந்து பாக்கறதில்ல."

டெனிஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவமானம் இன்னும் ஆறவில்லை. பலகையில் ஏறினான்.

பொம்மை தள்ளாடியது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பையோடு சேர்ந்து டெனிஸின் உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் இந்த முறை பொம்மை அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"சூப்பர்ண்ணா!" என்று கைதட்டினாள் சினேகா.

டெனிஸ் சிரிக்கவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவ உள்ளே போனான்.

"பாவம் அங்கிள் அவரு. சர்ச்ல தோள்ல தேர் தூக்கத்தானே? திருவிழாவுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கே, எதுக்கு இப்படி விரட்டுறீங்க?"

அப்பாதுரை நாற்காலியில் சாய்ந்தார். பேசவே களைப்பாக இருந்தது.

"எனக்கு அவ்வளவு நாள் இல்லம்மா, டாக்டர் கைய விரிச்சுட்டாரு. அவங்கம்மா செத்தப்பதான் பெட்டியத் தூக்க விடல. என் பெட்டியையாவது எம்புள்ள தூக்கட்டும்."